பிறந்த மண்ணும் ஜனாதிபதியின் பேனாவும்

2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ஆம் தேதி, இரண்டாம் முறையாக அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்ட டொனால்டு டிரம்ப், அன்றைய தினமே அடுக்கடுக்காகக் கையொப்பமிட்ட உத்தரவுகளில் ஒன்று, அதுவரை பிறந்திராத குழந்தைகளைப் பற்றியது. தாயானவள் அனுமதியின்றி அந்நாட்டில் வசிப்பவளாகவோ, அனுமதியோடு வந்தும் மாணவி என்றோ சுற்றுலாப் பிரயாணி என்றோ ஒப்பந்த உத்தியோகஸ்தை என்றோ சில காலம் மட்டுமே தங்கும் உரிமை பெற்றவளாகவோ இருந்து, தந்தையும் பிரஜையாகவோ 'கிரீன் கார்டு' வைத்திருக்கும் நிரந்தரவாசியாகவோ இல்லாத பட்சத்தில், 30 நாள் கழித்து அந்த மண்ணில் பிறக்கும் அவர்களுடைய குழந்தையை அமெரிக்கப் பிரஜை என்று ஒப்புக்கொள்ளும் எந்தப் பத்திரத்தையும் மத்திய சர்க்காரின் எந்த இலாகாவும் வழங்கலாகாது என்பது அந்த உத்தரவின் சாரம்.

உத்தரவின் மை உலர்வதற்குள் வழக்குகள் தொடங்கிவிட்டன. 22 மாகாணங்களும், பல தர்ம ஸ்தாபனங்களும், கர்ப்பிணிப் பெண்கள் சிலரும் நீதிமன்றங்களின் படியேறினார்கள். மூன்றாம் நாள், ஸியாட்டில் நகரத்தில், அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ரீகனால் 1981-இல் நியமிக்கப்பட்ட ஒரு முதிய நீதிபதி, அரசியல் சாசனத்துக்கு இது விரோதம் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை என்று கூறி உத்தரவை நிறுத்தி வைத்தார். மேரிலாந்து, மாஸசூஸெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய இடங்களிலும் அவ்வாறே தீர்ப்பாயிற்று.

இத்தகைய குழந்தைகளுக்குப் பிரஜாவுரிமை கொடுப்பது நியாயமா, அநியாயமா என்றுதான் பெரும்பாலோர் வாதாடுகிறார்கள். அதில் இரு பக்கமும் சொல்லத்தக்கது உண்டு. பிரசவத்துக்கென்றே விமானம் ஏறி வந்து, குழந்தையின் கையில் ஒரு பாஸ்போர்ட்டைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகிற செல்வந்தர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாதத்துக்குள் புகுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய விவகாரம் ஒன்று உண்டு. இந்த ஏற்பாட்டை மாற்றுகிற அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதே அது. அமெரிக்க சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்த்தால், பிறப்பால் வரும் பிரஜாவுரிமையை அரசியல் சாசனத்தில் எழுதிவைத்தவர்கள், எவருடைய கைக்கு அது எட்டக் கூடாது என்று நினைத்தே எழுதினார்களோ, அந்தக் கைகளில் முதலாவது ஜனாதிபதியின் கை என்பது விளங்கும்.

அந்த நாட்டின் மூல சாசனம், பிரஜை என்ற சொல்லைப் பல இடங்களில் வழங்கியிருந்தும், பிரஜை யார் என்பதை எங்குமே வரையறுத்துச் சொல்லவில்லை. மண்ணில் பிறந்தவன் அந்த மண்ணுக்கு உரியவன் என்ற இங்கிலாந்தின் பழைய வழக்கையே எல்லோரும் அனுசரித்து வந்தார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்வின் என்ற குழந்தை இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்கலாமா என்ற வழக்கில், 1608-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் நீதிபதிகள் அந்தக் கொள்கையை நிலைநாட்டியிருந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலும் அது வெள்ளைத் தோலுக்கே செல்லுபடியாயிற்று. மிசூரி மாகாணத்து அடிமையான டிரெட் ஸ்காட், அடிமை முறை விலக்கப்பட்ட இல்லினாய்ஸிலும் விஸ்கான்ஸின் பிரதேசத்திலும் தம் எஜமானரோடு பல ஆண்டு வாசம் செய்தமையால் தாமும் தம் மனைவி மக்களும் விடுதலை பெற்றவர்களே என்று தொடுத்த வழக்கு, 1857 மார்ச் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் முடிவாயிற்று. பிரதம நீதிபதி ராஜர் டானி வாசித்த தீர்ப்பு, டிரெட் ஸ்காட்டின் கோரிக்கையைத் தள்ளியதோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்க வம்சத்தில் வந்தவர், அடிமையாயினும் சுதந்திரராயினும், எத்தனை தலைமுறை அந்த மண்ணிலே பிறந்து மடிந்தாராயினும், அமெரிக்கப் பிரஜையாக ஆகவே முடியாது என்று அது ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது. ஏழு நீதிபதிகள் அந்தப் பக்கம். இருவர் மட்டும் மாறுபட்டார்கள்.

அந்தக் கதவைத் திறப்பதற்கு நான்காண்டு உள்நாட்டு யுத்தம் தேவைப்பட்டது. யுத்தத்தின் நடுவில், 1863-ஆம் ஆண்டின் முதல் நாளன்று, ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனம் சரித்திரப் பிரசித்தி பெற்றது. ஆனால் அது ஒரு சேனாதிபதி என்ற முறையில் யுத்தகால அதிகாரத்தைக்கொண்டு பிறப்பித்த உத்தரவுதான். யுத்தம் ஓய்ந்த பின் நீதிமன்றங்கள் அதை எப்படி மதிக்கும், அடுத்து வருகிற ஜனாதிபதி அதை என்ன செய்வார் என்ற கவலை லிங்கனுக்கே இருந்தது. ஆதலால்தான் அவர், தம் பேனாவை நம்பாமல், அடிமை முறையை ஒழிக்கும் 13-ஆவது திருத்தத்தைச் சாசனத்திலேயே சேர்த்துவிட வேண்டுமென்று, அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸோடு அத்தனை பிரயாசைப்பட்டார்.

லிங்கன் சுடப்பட்டு இறந்ததும் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்ஸன், அந்தக் கவலை வீணல்ல என்பதைக் காட்டினார். அமெரிக்காவில் பிறந்தவர் எல்லோரும் பிரஜைகளே என்று 1866-இல் காங்கிரஸ் ஒரு சிவில் உரிமைச் சட்டம் இயற்ற, ஜான்ஸன் அதை நிராகரித்துத் திருப்பி அனுப்பினார். அவர் அனுப்பிய ஆட்சேபக் குறிப்பைப் படிப்பவர்கள், நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டதையே மறந்துபோவார்கள். பசிபிக் கரையில் குடியேறியிருக்கும் சீனர்களுக்கும், ஜிப்ஸிகள் என்று அழைக்கப்படும் நாடோடிகளுக்கும், இன்ன பிறருக்கும் இதனால் பிரஜாவுரிமை கிட்டிவிடுமே என்பது அந்தக் குறிப்பில் அவர் எழுப்பிய கேள்வி. காங்கிரஸ் அசையவில்லை. ஏப்ரல் மாதம் 9-ஆம் தேதி, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு அவருடைய நிராகரிப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதோடு திருப்தியடைந்திருக்கலாம், அடையவில்லை. இன்று நாம் இயற்றியதை நாளை வேறொரு காங்கிரஸ் ரத்து செய்யலாம் என்ற முன்யோசனையால், அதே ஏற்பாட்டைச் சாசனத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைக்க முற்பட்டார்கள். 1868 ஜூலை 9-ஆம் தேதி ஊர்ஜிதமான 14-ஆவது திருத்தத்தின் முதல் வாக்கியம் இவ்வாறு பிறந்தது: அமெரிக்காவில் பிறந்தவரோ, பிரஜையாக ஏற்கப்பட்டவரோ, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டவரான எல்லோரும் அந்நாட்டின் பிரஜைகள்.

இந்தத் திருத்தத்தின் மேல் செனட் சபையில் 1866 மே மாதக் கடைசியில் நடந்த விவாதம், நம் காலத்துப் பத்திரிகைத் தலையங்கங்களைவிட வெளிப்படையானது. பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த எட்கர் கோவன் எழுந்து, இதனால் சீனரின் குழந்தையும் ஜிப்ஸியின் குழந்தையும் பிரஜையாவதா என்று கேட்டார். அவருக்கு மறுமொழி சொன்ன கலிபோர்னியாவின் ஜான் கானஸ், அயர்லாந்தில் பிறந்து குடியேறியவர். ஆம், சீனப் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தையும் பிரஜையாவதே எங்கள் நோக்கம் என்று மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். அதை ஒப்புக்கொண்டபடியே சபை வாக்களித்தது. சீனர்மீது துவேஷம் கொழுந்துவிட்டிருந்த கலிபோர்னியாவின் பிரதிநிதியாக இருந்து அப்படிப் பேசியதற்கான விலையை அவர் பின்னால் கொடுத்தார். மறுமுறை அவர் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

அந்த மறுமொழியை மெய்ப்பித்தவர் ஒரு சமையற்காரர். வோங் கிம் ஆர்க் என்பது அவர் பெயர். 1873-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் சாக்ரமென்டோ தெருவிலே, வியாபாரம் செய்துவந்த சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1882-இல் காங்கிரஸ் இயற்றிய சீனர் விலக்குச் சட்டத்தால் சீனத் தொழிலாளர் எவரும் உள்ளே வரவோ, சீனர் எவரும் பிரஜையாகவோ இயலாத நிலை ஏற்பட்டிருந்தது. மனைவியைப் பார்த்து வருவதற்காக 1894 நவம்பரில் சீனாவுக்குக் கப்பலேறு முன்னர், திரும்பி வரும்போது தகராறு நேருமென்று அறிந்தே அவர் ஒரு பத்திரம் தயாரித்துக்கொண்டார். அது இன்றும் அமெரிக்க சர்க்காரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது: ஒரு பக்கத்தில் அவருடைய புகைப்படம், இவர் இந்நகரில் பிறந்தவர் என்பதை நாங்கள் அறிவோம் என்று கையெழுத்திட்ட சாட்சிகள். சாட்சிகள் வெள்ளைக்காரர்களாக இருந்தால்தான் சுங்க அதிகாரி கண்ணெடுத்துப் பார்ப்பார். ஆகவே அவர்கள் வெள்ளைக்காரர்கள். சொந்த ஊரில் பிறந்தேன் என்று சொல்வதற்கு அயலார் அத்தாட்சி வேண்டியிருந்தது.

அந்தப் பத்திரமும் அவரைக் காப்பாற்றவில்லை. 1895 ஆகஸ்டில் 'காப்டிக்' என்ற நீராவிக் கப்பலில் வந்து சேர்ந்தவரை, நீ இங்கே பிறந்தவனாயினும் பிரஜையல்ல என்று சொல்லி இறங்கவிடாமல் தடுத்தார்கள். கப்பல் புறப்படும் நாள் வந்தால் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். அது புறப்படும்போது வேறொன்றுக்கு. இவ்வாறு பிறந்த ஊரின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், துறைமுகத்து நீரின் மேல் மாதக் கணக்காகச் சிறையிருந்தார். சீனர் சங்கங்கள் வக்கீல் அமர்த்தி வழக்கை நடத்தின. 1898 மார்ச் 28-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஆறு நீதிபதிகளின் சார்பில் ஹொரேஸ் கிரே எழுதிய தீர்ப்பு, வோங் கிம் ஆர்க் பிறப்பாலேயே அமெரிக்கப் பிரஜை என்று முடிவு கட்டியது. அந்நிய நாட்டுத் தூதர்களின் மக்கள், படையெடுத்து வந்து நிலத்தைக் கைப்பற்றியிருக்கும் சத்துருக்களின் மக்கள், தனி இனங்களாகத் தம்மைத் தாமே ஆண்டுகொண்டிருந்த செவ்விந்தியரின் மக்கள் முதலியோர் தவிர, அம்மண்ணில் பிறப்பவர் அனைவரும் சாசனத்தின் வாக்கியத்துக்குள் அடங்கியவர்களே என்பது கிரே காட்டிய எல்லை.

மாறுபட்டவர் இருவர். அவர்களில் ஒருவர் ஜான் மார்ஷல் ஹார்லன் என்பதைப் படிக்கும்போது மனம் துணுக்குறுகிறது. இரண்டே ஆண்டுக்கு முன்னர், கறுப்பரையும் வெள்ளையரையும் ரயிலில் தனித்தனியே உட்கார வைக்கும் சட்டம் செல்லும் என்று மற்ற எல்லோரும் சொன்னபோது, ஒற்றையாளாக நின்று மறுத்த மகானுபாவர் அவர். கறுப்பர் விஷயத்தில் அவ்வளவு தெளிவாக இருந்த கண், சீனரைப் பார்த்ததும் மங்கிவிட்டது.

வென்ற பிறகும் வோங் கிம் ஆர்க்குக்கு நிம்மதி கிட்டவில்லை. 1901-இல் டெக்ஸஸ் மாகாணத்து எல் பாஸோவில் அதிகாரிகள் அவரைப் பிடித்து, சட்டவிரோதமாக இருப்பவர் என்று வழக்குப் போட்டு, 300 டாலர் ஜாமீனில் விட்டார்கள். தம் பெயரால் நாட்டின் சட்டமே நிலைபெற்றிருக்க, அவர் தம் உடம்பைத் தாமே நிரூபித்துக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. கடைசியில் முதுமையில் சீனாவுக்குப் போனவர் திரும்பவில்லை.

டிரம்ப் சர்க்காரின் வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடு எடுத்துரைப்பது முறை. அதிகார வரம்புக்கு உட்பட்டவர் என்ற சொற்றொடரைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். சாலையில் போலீஸ்காரருக்குக் கீழ்ப்படிவது மட்டும் போதாது. வேறெந்த ராஜ்யத்துக்கும் கடமைப்படாத முழு விசுவாசம் வேண்டும் என்பது அவர்கள் வியாக்கியானம். 1866 விவாதத்தில் செனட்டர் லைமன் டிரம்புல் அவ்வகையில் பேசிய வார்த்தைகள் உண்டு. வோங் கிம் ஆர்க்கின் பெற்றோர் அங்கே நிரந்தர வாசம் செய்தவர்கள் என்று தீர்ப்பே பலமுறை சொல்வதால், நிரந்தர வாசமில்லாதாரின் மக்களை அது கட்டுப்படுத்தாது என்றும் சொல்கிறார்கள். கெட்டிக்கார வக்கீல்கள் பேசுகிற வாதம் இது. முட்டாள்தனமென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் முழு விசுவாசம்தான் நிபந்தனையென்றால், கிரீன் கார்டு வைத்திருப்பவரும் தம் தாய்நாட்டின் பிரஜையாகவே இருக்கிறாரே, அவருடைய குழந்தையை மட்டும் ஏன் ஏற்கிறார்கள் என்று கேட்டால் விடை தடுமாறுகிறது. சட்டத்தை மீறி உள்ளே வந்தவர்களின் மக்கள் என்ற பிரச்சினையே 1868-இல் இல்லை என்கிறார்களே, அதுவும் சரித்திரத்துக்குப் பொருந்தவில்லை. அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808-இலேயே காங்கிரஸ் தடைசெய்திருந்தும் கள்ளத்தனமாகக் கொண்டுவருவது நிற்கவில்லை. 1860-இல் 'க்ளோடில்டா' என்ற கப்பல் அலபாமாவின் மொபைல் நகருக்கருகே நூற்றுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கரை இருட்டோடு இருட்டாக இறக்கிவிட்டு, தடயம் தெரியாதபடி எரிக்கப்பட்டது. சட்டத்துக்கு முற்றிலும் விரோதமாக அந்த மண்ணில் கால் வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பிரஜைகள் அல்லவென்று, திருத்தத்தை எழுதியவர்களில் ஒருவர்கூடக் கனவிலும் கருதியதில்லை.

இனி, ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு வருவோம். கொரியா யுத்தம் நடந்துகொண்டிருந்த 1952-ஆம் ஆண்டு ஏப்ரலில், எஃகு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் படைகளுக்கு ஆயுதம் போதாமல் போகுமென்று சொல்லி, ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் நாட்டின் எஃகு ஆலைகளைச் சர்க்கார் வசமாக்கும்படி உத்தரவிட்டார். ஜூன் 2-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஆறு நீதிபதிகள் சேர்ந்து அந்த உத்தரவைச் செல்லாதென்றார்கள். அன்று முக்கியத் தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ ப்ளாக்; ஆனால் காலத்தை வென்று நிற்பது ராபர்ட் ஜாக்ஸன் தனியே எழுதிய தீர்ப்பே. ரூஸ்வெல்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்து, ஜனாதிபதிக்காக அதிகாரத்தை நீட்டி நீட்டி வியாக்கியானம் செய்து பழகியவர் ஜாக்ஸன். அந்த அடுக்களையின் புகையெல்லாம் அவருக்குத் தெரியும். காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தோடு ஜனாதிபதி செயல்படும்போது அவர் பலம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் மௌனமாயிருக்கும்போது அது மங்கலான பிரதேசத்தில் நிற்கிறது. காங்கிரஸின் சட்டத்துக்கு மாறாக நடக்கும்போது அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது என்று அவர் மூன்று நிலைகளாக வகுத்தார். டிரம்பின் உத்தரவு இவற்றில் எந்த நிலை? 14-ஆவது திருத்தத்தின் அதே சொற்களைக் காங்கிரஸ் 1940-இலும், மறுபடி 1952-இலும் பிரஜாவுரிமைச் சட்டமாகவும் இயற்றி வைத்திருக்கிறது. ஆகையால் சாசனத்தின் வாக்கியத்தை ஒரு கணம் மறந்துவிட்டாலும், சட்டமே குறுக்கே நிற்கிறது.

ட்ரூமன் தோல்வியை ஏற்று ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். சில நாளில் நீதிபதி ப்ளாக் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்ததாகவும், ப்ளாக்கின் சட்டஞானத்தைவிட அவர் கொடுத்த விஸ்கியே மேலென்று ஜனாதிபதி வேடிக்கையாகச் சொன்னதாகவும் ஒரு கதையுண்டு. தோற்றவன் வென்றவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர முடிந்த காலம்.

எல்லா ஜனாதிபதிகளும் அப்படிப் பணிந்துபோனவர்கள் அல்ல என்பதையும் மறைக்கலாகாது. 1861-இல் யுத்தம் மூண்டதும் லிங்கன், காவலில் வைத்தவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் உரிமையைத் தாமாகவே நிறுத்தி வைத்தார். மேரிலாந்தில் பிடிபட்ட ஒருவர் விஷயத்தில், அந்த அதிகாரம் காங்கிரஸுக்கே உரியது, ஜனாதிபதிக்கு இல்லை என்று ஒரு நீதிபதி விரிவாக எழுதி லிங்கனுக்கு அனுப்பினார். லிங்கன் அதை மதிக்கவில்லை. அந்த நீதிபதி வேறு யாருமல்லர். டிரெட் ஸ்காட் வழக்கில் நாம் பார்த்த அதே டானி. ஒரே மனிதர், பிரஜை யார் என்பதில் தம் வாழ்நாளுக்கே நீங்காத களங்கத்தைத் தேடிக்கொண்டு, ஜனாதிபதியின் எல்லை எது என்பதில் சரியான பக்கம் நின்றார். சரித்திரம் நமக்கு வசதியாகப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுப்பதில்லை.

சுப்ரீம் கோர்ட்டு முதலில் இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தபோது நடந்தது விசித்திரமானது. உத்தரவு சாசனத்துக்கு உகந்ததா என்று சர்க்கார் கேட்கவே இல்லை. ஒரு ஜில்லா நீதிபதி நாடு முழுவதுக்கும் தடை விதிக்கலாமா என்று மட்டுமே கேட்டது. 2025 ஜூன் 27-ஆம் தேதி, ஆறுக்கு மூன்றாகப் பிரிந்த நீதிமன்றம், ஏமி கோனி பாரெட்டின் தீர்ப்பின் மூலம், வழக்குத் தொடுத்தவர்களுக்குப் பரிகாரம் அளிப்பதற்கு மேல் போகும் அத்தகைய தடைகளுக்கு 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தில் இடமில்லை என்றது. வக்கீல்களுக்கு இதில் சுவை உண்டு. குடிமக்களுக்கு? ஸோனியா ஸோடோமயர் தம் மாறுபட்ட தீர்ப்பை நீதிபதி ஆசனத்திலிருந்தே உரக்கப் படித்தார். வழக்குப் போட்ட தாயின் குழந்தை பிரஜை, அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் தாயின் குழந்தை பிரஜையல்ல என்ற நிலை வந்துவிடுமே என்ற அச்சம் எங்கும் பரவியது. ஆனால் அதே தீர்ப்பு, ஒரு வர்க்கத்தார் அனைவரின் சார்பாகவும் வழக்காடும் முறையை விட்டுவைத்திருந்தது. அந்த வாசலின் வழியே, ஜூலை 10-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஜோஸப் லாப்லான்ட், இந்த உத்தரவால் பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோரையும், பிறந்தவரையும் பிறக்கப் போகிறவரையும், ஒரே வாதியாக ஏற்று மறுபடி தடை விதித்தார். டிசம்பர் 5-ஆம் தேதி, சாசனக் கேள்வியையே நேரடியாக விசாரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு இசைந்தது.

இதெல்லாம் கடல் கடந்த வழக்கு என்று நம்மவர்கள் இருந்துவிட முடியாது. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இன்ஜினீயரிங் படித்து, எச்1பி விசாவில் போய் டெக்ஸஸிலோ நியூ ஜெர்ஸியிலோ பத்துப் பதினைந்து ஆண்டாக வரி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள், இந்த உத்தரவின் கண்ணுக்குத் தற்காலிக வாசிகள். எந்த நாட்டாருக்கும் ஆண்டுதோறும் வழங்கும் கிரீன் கார்டுகளில் நூற்றுக்கு 7-க்கு மேல் போகலாகாது என்ற விதியால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை தலைமுறைக் கணக்கில் நீண்டுவிட்டது. நிரந்தரமாக இருக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவனை, நீ நிரந்தரமாக இல்லை, ஆகையால் உன் குழந்தை எங்களதல்ல என்று சொல்வதில் உள்ள தர்க்கத்தை மெச்சத்தான் வேண்டும். உத்தரவு வெளியான வாரத்தில், குறித்த நாளுக்கு முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட முடியுமா என்று இந்தியக் கர்ப்பிணிகள் டாக்டர்களை விசாரித்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தாளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த உத்தரவின் கனம் புரியும். அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர், பிறந்த இடம், தேதி, நேரம், பெற்றோரின் பெயர் ஆகியவை இருக்கும். பெற்றோர் எந்த விசாவில் இருக்கிறார்கள் என்ற வினாவே அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் நிரப்பும் அதே படிவத்தின் மூலம் ஸோஷல் செக்யூரிட்டி எண் தபாலில் வந்து சேரும். அந்தச் சான்றிதழைக் காட்டினால் பாஸ்போர்ட். உத்தரவு அமலுக்கு வந்தால், அந்தத் தாள் ஒன்றுக்கும் உதவாது. பிரசவித்த நாளில் தாயின் நிலை என்ன, தந்தை யார், அவர் நிலை என்ன என்பதை ஒவ்வொரு குடும்பமும் நிரூபிக்க வேண்டும். பல தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவரும் இதற்கு விலக்கல்லர். இந்தியப் பெற்றோராவது ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்து குழந்தைக்கு இந்தியப் பிரஜாவுரிமை வாங்கலாம். சொந்த சர்க்காரிடமிருந்தே தப்பி ஓடி வந்தவரின் குழந்தை எந்தத் தூதரகத்துக்குப் போகும்?

பிற தேசங்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டை விட்டுவிடவில்லையா என்று கேட்பார்கள். பல தேசங்கள் விட்டுவிட்டன; மெய். பிரிட்டன் 1983-இலும், ஆஸ்திரேலியா 1986-இலும் பார்லிமெண்டுச் சட்டத்தால் விட்டன. அயர்லாந்து 2004-இல் ஜனங்களிடமே வாக்குக் கேட்டுச் சாசனத்தைத் திருத்தியது. நம் நாட்டிலும் 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் பிறந்தவருக்கு மண்ணே போதும்; அதற்குப் பின் பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருக்க வேண்டும்; 2004 டிசம்பர் 3-க்குப் பின் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கலாகாது. இவையனைத்தும் சட்டசபைகளோ ஜனங்களோ விவாதித்து, வாக்களித்துச் செய்தவை. ஒரு மனிதர் மேஜைமுன் அமர்ந்து செய்ததல்ல.

எனினும் சட்டசபையே போதுமான காவல் என்று நினைப்பவர்களுக்கு, இலங்கையின் மலைநாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. சுதந்திரம் பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில், தகப்பனோ, தகப்பன்வழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ அத்தீவில் பிறந்ததை நிரூபித்தாலன்றிப் பிறப்பு மட்டும் பிரஜையாக்காது என்று அங்கே பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. தேயிலைத் தோட்டத்து லயன் குடியிருப்புகளில் பிறந்து, பிறப்புப் பதிவு என்பதையே கண்டறியாத லட்சக்கணக்கான தமிழர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1953-இல் லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை போன வழக்கும் தோற்றது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கிட்டுக்கொண்டார்கள்; மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். அங்கே எந்த ஜனாதிபதியும் வரம்பு மீறவில்லை. எல்லாம் முறைப்படி, பெரும்பான்மை வாக்கோடு நடந்தது.

1866-இன் அமெரிக்கர்கள் தங்கள் காங்கிரஸையே நம்பாமல் சாசனத்துக்குப் போனதன் விவேகம் இங்கேதான் தெரிகிறது. இந்த வாக்கியத்தை மாற்றக் கூடாதென்று அவர்கள் சொல்லவில்லை. மாற்றுவதற்கு வழியும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதன் பின் மாகாணங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது ஐம்பதில் 38, இசைய வேண்டும். அந்தப் பாதையில் ஜனாதிபதிக்கு வேலையே கிடையாது. சாசனத் திருத்தத்துக்கு அவருடைய சம்மதம் தேவையில்லை என்று 1798-இலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம் 1865 ஜனவரிக் கடைசியில் காங்கிரஸைக் கடந்து வந்தபோது, அதற்காக அத்தனை பாடுபட்ட லிங்கன், வழக்கமான மசோதா என்று கருதியோ, உற்சாக மிகுதியாலோ, அதன் கீழே தம் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அவர்மேல் எந்தக் குரோதமும் இல்லாத செனட் சபை, ஒரு வாரத்துக்குள் கூடி, அந்தக் கையெழுத்து அவசியமற்றது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றிப் பதிவு செய்தது.